கறுப்பு வெள்ளையில் மயில்கழுத்து: கண்ணுக்குள் நிறமும் நேரமும் ஓடும் விதத்தை வீட்டிலேயே அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். நான் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருநாள் பழைய சிடி ஒன்றின் மேல் கறுப்பு வெள்ளைத் தாளை ஒட்டிப் பம்பரமாகச் சுற்றிவிட்டேன். "பச்சை தெரியுது சார்" என்றாள் ஒருத்தி. "பச்சையா? நீலம்டி அது" என்றாள் பக்கத்தில் இருந்தவள். ஆரணிப் பக்கம் நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த பெண் இரண்டையும் ஏற்கவில்லை. "மயில்கழுத்து" என்றாள். தாளில் இருந்தது கறுப்பு மை மட்டும்.

அரை மணி நேரம் சண்டை. அதைத் தீர்க்கப் போய் நான் கற்றுக்கொண்டவைதான் கீழே உள்ளவை. பள்ளி அறிவியல் மன்றம் நடத்துபவர்கள், உளவியலோ இயற்பியலோ படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள், ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கத் தயாராக இருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் செய்யலாம். மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது, கைபேசியைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

முதலில் ஒரே ஒரு விதி. "என்ன தெரிகிறது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு வார்த்தைதான் பதிலாக வரும். வார்த்தையை வைத்து வரைபடம் போட முடியாது. "இந்த இரண்டில் எது?", "எந்த அட்டையோடு பொருந்துகிறது?", "குச்சியை எங்கே நிறுத்தினால் சரியாக இருக்கிறது?" என்று கேளுங்கள். எண் வரும். மனதுக்குள் நடப்பதை இப்படி வெளியிலிருந்து அளக்கலாம் என்று 1860ல் முறைப்படி எழுதி வைத்தவர் ஜெர்மனியின் குஸ்டாவ் ஃபெக்னர். சுற்றும் கறுப்பு வெள்ளைத் தட்டில் நிறம் தெரிவதை 1838லேயே எழுதியவரும் அவர்தான். அதே காலத்தில் நிறக்கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, சில ஆண்டுகள் வெளிச்சமே தாங்காமல் கிடந்தார்.

ஆகவே இரண்டு எச்சரிக்கைகள். எந்தச் சோதனையிலும் சூரியனைப் பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே ஃபிலிம் எதுவும் அதற்குப் பாதுகாப்பு இல்லை. இரண்டாவது, விநாடிக்கு 3 முதல் 30 தடவை வரை சிமிட்டும் ஒளி சிலருக்கு வலிப்பைக் கிளப்பும். வலிப்பு வந்தவர்களையும், குடும்பத்தில் யாருக்காவது அது இருப்பவர்களையும் பம்பரத்துக்கும் சிமிட்டும் திரைக்கும் பக்கத்தில் விடாதீர்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படி 1: வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுழற்சி; ஒவ்வொரு சுழற்சியிலும் விளக்கு இரண்டு தடவை மங்கும். பழைய வகை டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்பும் விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சோதனையைக் கெடுக்கும். சோதித்துப் பார்ப்பது சுலபம். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, விளக்குக்கு எதிரே வேகமாக ஆட்டுங்கள். சூரிய வெளிச்சத்தில் அது ஒரே மங்கலான விசிறியாகத் தெரியும். சிமிட்டும் விளக்கில் தனித்தனிக் குச்சிகளாகப் பிரிந்து தெரியும். பிரிந்தால் அந்த விளக்கை அணைத்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது வடக்குப் பார்த்த ஜன்னல், காலை எட்டு முதல் பத்து மணி வரை. வேலூர் வெயிலில் பதினோரு மணிக்கு மேல் மாடியில் உட்கார்ந்தால் பிள்ளைகள் கண்ணை அளக்க வரமாட்டார்கள், மோர் கேட்கத்தான் வருவார்கள். சாப்பிட்ட பிறகும் வேண்டாம்; தூக்கக் கலக்கத்தில் எண்கள் சிதறும்.

கைபேசித் திரையில் செய்வதானால் தானியங்கி வெளிச்சம், இரவு நேர மஞ்சள் திரை இரண்டையும் அணைத்துவிடுங்கள். திரை 60 ஹெர்ட்ஸா 120 ஹெர்ட்ஸா என்று அமைப்புகளில் பாருங்கள். 60 என்றால் விநாடிக்கு 60 படம்; ஒரு படம், அதாவது ஒரு ஃபிரேம், 16.7 மில்லி விநாடி. அதைவிடச் சிறிய நேர வித்தியாசத்தை அந்தத் திரையில் காட்ட முடியாது. "10 மில்லி விநாடி இடைவெளி வைத்தேன்" என்று 60 ஹெர்ட்ஸ் திரையை வைத்துக்கொண்டு எழுதியிருந்தால், எழுதியவர் தன் திரையைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

படி 2: ஆட்களைச் சேருங்கள், தனித்தனியாகச் சோதியுங்கள்

நிறம் சம்பந்தப்பட்ட எதற்கும் முன்னால் நிறப்பார்வைச் சோதனை வேண்டும். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகள் 1917லிருந்து புழக்கத்தில் இருப்பவை. அச்சிட்ட அசல் புத்தகம்தான் சரி. கைபேசியில் பார்த்தால் திரையின் நிறம் முடிவை மாற்றிவிடும். சிவப்பு, பச்சை நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் குறைபாடு ஆண்களிடம்தான் அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஏதோ ஒரு வகையில் இருக்கிறது. பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவர் அளவுதான்.

இங்கே நான் செய்த தவறு ஒன்று. எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து அட்டைகளைக் காட்டினேன். ஜோலார்பேட்டைக்காரப் பையன் ஒருவன், அப்பா ரயில்வேயில் வேலை, தானும் லோகோ பைலட் ஆக வேண்டும் என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பவன், மூன்று அட்டைகளைத் தவறாகப் படித்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த வேலைக்கு நிறப்பார்வை கட்டாயம் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த இரண்டு சனிக்கிழமை அவன் வரவில்லை. தனியறையில், ஒவ்வொருவராக, முடிவை அவரிடம் மட்டும் சொல்லிச் செய்யுங்கள். நான் அவன் வீட்டுக்குப் போய்ப் பேசிக் கூட்டி வந்தேன். பின்னால் சொல்லப்போகும் ஊசல் சோதனையில் அவன் எண்கள்தான் மிகக் குறைவாகச் சிதறின.

படி 3: கை சூடாக ஒரு ஸ்கேல் சோதனை

30 செ.மீ. ஸ்கேலை ஒருவர் செங்குத்தாகப் பிடிக்க, மற்றவர் அதன் அடியில் விரல்களைத் திறந்து வைத்திருப்பார். சொல்லாமல் விடுங்கள், பிடிக்கட்டும். 10 செ.மீ.யில் பிடித்தால் 143 மில்லி விநாடி. 15 என்றால் 175. 20 என்றால் 202. 25 என்றால் 226. பத்துத் தடவை செய்து நடு எண்ணை எடுங்கள். அப்புறம் இரண்டு கைக்கும் மேலே ஒவ்வொரு ஸ்கேலைப் பிடித்து, எது விழும் என்று தெரியாமல் செய்யுங்கள். நேரம் கூடும். அந்தக் கூடுதல்தான் 'எது?' என்று முடிவெடுக்க மூளை எடுத்துக்கொண்ட நேரம் என்ற கழித்தல் கணக்கை 1868ல் நெதர்லாந்தின் டொண்டர்ஸ் போட்டுக் காட்டினார்.

ஆளுக்கு ஆள் எண் மாறுவதைப் பிழை என்று நினைக்க வேண்டாம். 1796ல் இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் அதன் தலைவர் மாஸ்கெலின் தன் உதவியாளர் கின்னிபுரூக்கை வேலையிலிருந்து நீக்கினார். தொலைநோக்கிக்குள் இருக்கும் மெல்லிய கம்பியை நட்சத்திரம் கடக்கும் நேரத்தை அவர் 0.8 விநாடி தாமதமாகக் குறித்தார் என்பதுதான் குற்றம். பின்னால் ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் இதைத் துருவியபோதுதான் ஒவ்வொரு வானியலாளருக்கும் ஒரு சொந்த வித்தியாசம் இருப்பது வெளியே வந்தது. 1977 மார்ச்சில் நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தில், அப்போது வட ஆற்காடு மாவட்டம், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகும்போது ஒளி முன்கூட்டியே மங்கியதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வு அது. அந்த நேரத்தை யார் கண்ணையும் நம்பிக் குறிக்கவில்லை, ஒளிமானி குறித்தது. பாவம் கின்னிபுரூக், நூற்றெண்பது ஆண்டு முன்னால் பிறந்துவிட்டார்.

படி 4: பென்ஹாம் பம்பரம்

சண்டை கிளம்பிய இடம் இது. இங்கிலாந்தின் சார்லஸ் பென்ஹாம் 1894ல் இதை விளையாட்டுப் பொருளாக்கினார். அதனால் அவர் பெயர்.

12 செ.மீ. வட்டமாக வெள்ளைத் தாளை வெட்டுங்கள். பாதியை முழுக்கக் கறுப்பாக்குங்கள். வெள்ளைப் பாதியை 45 பாகை வீதம் நான்கு துண்டாகப் பிரியுங்கள். கறுப்பை ஒட்டிய முதல் துண்டில், மையத்துக்குப் பக்கத்தில், மூன்று வளைகோடுகள். அடுத்த துண்டில் அதைவிடச் சற்று வெளியே மூன்று, மூன்றாவதில் இன்னும் வெளியே, நான்காவதில் விளிம்புக்குப் பக்கத்தில். கோடு ஒரு மில்லி மீட்டர் தடிமன், நல்ல கறுப்பு மை. பழைய சிடியில் ஒட்டி, நடுத்துளையில் ஒரு கோலி குண்டை வைத்து அழுத்திப் பசை போடுங்கள். பம்பரம் தயார். ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றுங்கள்.

வேகமாக இருக்கும்போது வெறும் சாம்பல் வட்டங்கள்தான். விநாடிக்கு ஐந்தாறு சுற்றுக்கு இறங்கும்போது கோடுகளில் வெளிறிய நிறம் ஏறும். கறுப்பு முடிந்த கையோடு வரும் கோடுகள் சிவப்புச் சாயல், அடுத்த கறுப்புக்கு முன்னால் வருபவை நீலச் சாயல், நடுவில் இருப்பவை பழுப்பு, பச்சை என்று எதையாவது காட்டும். எதிர்த்திசையில் சுற்றினால் வரிசை தலைகீழாகும். இந்தத் திருப்பம் முக்கியம். மையில் ஏதோ கலப்படம் என்று சொல்பவர்களின் வாயை அது அடைத்துவிடும்.

கைபேசியின் மெது இயக்க வீடியோவில் எடுத்து ஒவ்வொரு படமாக நிறுத்திப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் மட்டும். அதே வீடியோவை வைத்து வேகத்தையும் அளந்துவிடலாம். விநாடிக்கு 240 படம் என்றால், ஒரு சுற்றுக்கு 48 படம் ஆனால் விநாடிக்கு 5 சுற்று.

இப்போது அளவீடு. பெயிண்ட் கடையில் ஷேடு கார்டு சும்மா தருவார்கள். நிறங்களை வெட்டி எண் போட்டு, பெயரை மறைத்து, சாம்பல் தாளில் வரிசையாக ஒட்டுங்கள். வெளிறிய நிறங்களாகத் தேர்ந்தெடுங்கள். பம்பரத்தில் அடர்நிறம் வராது. பார்ப்பவர் நிறத்தின் பெயரைச் சொல்லவே கூடாது, அட்டையின் எண்ணை எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் வலஞ்சுழியாகப் பத்து, இடஞ்சுழியாகப் பத்து. எந்தத் திசை என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள்.

எங்கள் மூன்று பெண்களின் சீட்டையும் பிரித்தேன். 'பச்சை'யும் 'மயில்கழுத்தும்' ஒரே அட்டை. 'நீலம்' அதற்கு அடுத்த அட்டை. சண்டையில் பெரும்பகுதி வார்த்தைச் சண்டை. பாவு ஒரு நிறம் ஊடை ஒரு நிறம் என்று நெய்த பட்டைத் தினமும் பார்க்கும் வீட்டில் அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, மற்ற வீடுகளில் இல்லை.

நிறம் ஏன் வருகிறது? விழித்திரையில் நிறங்களைப் பிரித்துச் சொல்லும் நரம்புப் பாதைகள் கறுப்பு, வெள்ளை மாற்றத்துக்கு ஒரே வேகத்தில் எழுந்து அடங்குவதில்லை என்பதே பொதுவாகச் சொல்லும் விளக்கம். கோடு எந்தக் கணத்தில் வருகிறது என்பதே அங்கே நிறமாக மாறிவிடுகிறது. நுணுக்கமான விவரங்களில் ஆய்வாளர்களிடையே முழு உடன்பாடு இன்னும் இல்லை.

படி 5: புல்ஃபிரிக் ஊசல்

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

உத்தரத்திலிருந்து ஒரு மீட்டர் நூலில் எலுமிச்சம்பழத்தைத் தொங்க விடுங்கள். பக்கவாட்டில் மட்டும் ஆட வேண்டும். அதற்கு நூலை மேலே ஆங்கில வி வடிவத்தில் இரண்டு ஆணியில் கட்டுங்கள், இரண்டு ஆணியும் பார்ப்பவருக்கு முன்பின்னாக, ஒன்று கிட்டே ஒன்று எட்டே. நடுப்புள்ளியிலிருந்து 20 செ.மீ. இழுத்து விடுங்கள். ஒரு முழு ஆட்டத்துக்கு 2 விநாடி ஆகும். பார்ப்பவர் சரியாக 2 மீட்டர் தள்ளி, ஊசலுக்கு நேர் எதிரே உட்காரட்டும். பின்னால் சாதா சுவர் இருந்தால் நல்லது.

இப்போது வலது கண்ணுக்கு மட்டும் கறுப்புத் திரை. எக்ஸ்ரே ஃபிலிம் போதும். வேலூரில் பீரோவைத் திறந்தால் புடவைக்கு அடியில் ஓர் எக்ஸ்ரே உறை இல்லாத வீடு உண்டா என்ன? ஃபிலிமில் ஒரே சீராகக் கறுத்த பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணும் திறந்தே இருக்க வேண்டும்.

எலுமிச்சை பக்கவாட்டில் ஆடுவதை நிறுத்திவிட்டு வட்டமடிக்கத் தொடங்கும். வலப்பக்கம் போகும்போது உங்களை நோக்கி வந்து, இடப்பக்கம் போகும்போது பின்வாங்கும். மேலிருந்து பார்ப்பதாக நினைத்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. ஃபிலிமை இடது கண்ணுக்கு மாற்றினால் சுற்றும் திசை மாறும்.

காரணம் எளிது. மங்கலான ஒளிக்குக் கண் மெதுவாக வேலை செய்யும். மறைத்த கண் அனுப்பும் சேதி சில மில்லி விநாடி பிந்தி வருவதால், அந்தக் கண்ணுக்கு எலுமிச்சை சற்று முந்தைய இடத்தில் இருக்கிறது. இரண்டு கண்ணும் இரண்டு இடத்தைச் சொன்னால் மூளை அதை ஆழமாக எடுத்துக்கொள்கிறது. நேர வித்தியாசம் தூர வித்தியாசமாகிறது. அதனால்தான் ஸ்கேலை வைத்தே மில்லி விநாடியை அளக்க முடிகிறது.

அளப்பது இப்படி. ஊசலுக்கு அடியில் நீள மேஜை. அதன் மேல், எலுமிச்சையில் படாத உயரத்தில், ஸ்டாண்டில் செருகிய ஓர் ஊதுவத்தி. உதவியாளர் அதைப் பார்ப்பவரை நோக்கி மெல்ல நகர்த்துவார். எலுமிச்சை வலப்பக்கம் போகும்போது நடுவில் ஊதுவத்திக்கு நேர் மேலே கடக்கிறது என்று தோன்றும் இடத்தில் "போதும்" என்பார் பார்ப்பவர். கண் ஊதுவத்தியில் நிலைத்திருக்க வேண்டும். எலுமிச்சையைத் துரத்தக் கூடாது. ஐந்து தடவை பின்னாலிருந்து முன்னால், ஐந்து தடவை முன்னாலிருந்து பின்னால் நகர்த்துங்கள். ஒரே பக்கத்திலிருந்து வந்தால் எல்லோரும் அவசரப்பட்டு முன்கூட்டியே "போதும்" சொல்வார்கள்.

ஊதுவத்தி ஊசலின் தளத்திலிருந்து 26 செ.மீ. முன்னால் நின்றது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இரு கண்மணிக்கும் இடையே 6.3 செ.மீ. (கண்ணாடி முன் ஸ்கேலை வைத்து அளந்துகொள்ளலாம்). 26 × 6.3 ÷ (200 − 26) = 0.94 செ.மீ. இரண்டு கண்ணும் சொல்லும் இடங்களுக்கு இடையே உள்ள தூரம் அதுதான். நடுப்புள்ளியில் எலுமிச்சையின் வேகம் 2 × 3.14 × 20 ÷ 2, சுமார் 63 செ.மீ. விநாடிக்கு. 0.94 ÷ 63 = 0.015. உங்கள் வலது கண் 15 மில்லி விநாடி பிந்தியிருக்கிறது. ஃபிலிமை இரண்டாக மடித்து வைத்து மறுபடி அளங்கள், எண் ஏறும்.

1922ல் இதை விளக்கி எழுதிய கார்ல் புல்ஃபிரிக்குக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தன் பெயர் தாங்கிய காட்சியை அவரால் ஒருபோதும் பார்க்க முடியவில்லை. அவர் வேலை பார்த்தது ஜெர்மனியின் யேனா நகரத்து கார்ல் சைஸ் நிறுவனத்தில். காவலூரில் 1972லிருந்து இயங்கும் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் யேனாவின் சைஸ் செய்து அனுப்பியதுதான். மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனபோது இதைச் சொன்னேன். அவர்கள் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படி 6: நிறம் முந்துமா, அசைவு முந்துமா?

இதற்குத் திரையும் கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்த ஆளும் வேண்டும். எங்கள் தெருவில் இன்ஜினீயரிங் படிக்கும் தம்பி மாலை டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தான். திரையில் சில சதுரங்கள். 300 மில்லி விநாடி மேலே, 300 மில்லி விநாடி கீழே என்று மாறி மாறி நகரும். சிவப்பு, பச்சை என்றும் அதே கால அளவில் மாறும். நிற மாற்றத்தை அசைவு மாற்றத்தோடு ஒரே கணத்திலும், இரண்டு ஃபிரேம் முன்னே, நான்கு ஃபிரேம் பின்னே என்றெல்லாம் தள்ளியும் காட்டுங்கள். கேள்வி ஒன்றுதான்: "மேலே போகும்போது பெரும்பாலும் சிவப்பா, பச்சையா?"

1997ல் முட்டூசிஸ், ஸெகி என்ற ஆய்வாளர்கள் இருவரும் இப்படிச் செய்தபோது, இரண்டும் சேர்ந்து நடப்பதாகத் தோன்ற நிறத்தை அசைவுக்குச் சுமார் 70, 80 மில்லி விநாடி பிந்திக் காட்ட வேண்டியிருந்தது. 60 ஹெர்ட்ஸ் திரையில் நான்கைந்து ஃபிரேம். அப்படியானால் நிறம் முந்தி உணரப்படுகிறது என்றார்கள். 2002ல் நிஷிதா, ஜான்ஸ்டன் என்ற வேறு இரு ஆய்வாளர்கள் மறுத்தார்கள்: மூளைக்குள் எது முந்தி வருகிறது என்பது இங்கே விஷயமே இல்லை, எந்த மாற்றத்தை எந்த மாற்றத்தோடு ஜோடி சேர்க்கிறோம் என்பதுதான் என்று. உங்கள் எண் 70க்குப் பக்கத்தில் வந்தாலும் உடனே ஸெகியின் கட்சியில் சேர்ந்துவிடாதீர்கள். எண் ஒன்று, அதற்குச் சொல்லும் காரணம் வேறொன்று.

படி 7: சிவப்பு நீளமா, நீலம் நீளமா?

'சிவப்பைப் பார்த்தால் நேரம் நீளும்' போன்ற பேச்சுகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சோதிக்கலாம். ஆனால் பெரும்பாலோர் விழும் குழியும் இங்கேதான்.

முறை: திரையில் ஒரு கட்டம் 400 மில்லி விநாடி தெரிந்தால் 'குட்டை', 1600 என்றால் 'நெட்டை' என்று முதலில் பழக்குங்கள். பிறகு 400, 600, 800, 1000, 1200, 1400, 1600 என ஏழு அளவுகளைக் கலைத்துப் போட்டுக் காட்டிக் குட்டையா நெட்டையா என்று கேளுங்கள். ஒவ்வொன்றும் 20 தடவை, ஒரு நிறத்துக்கு 140. இரண்டு நிறத்தையும் ஒரே ஓட்டத்தில் கலந்து காட்ட வேண்டும். மொத்தம் 280, இரண்டு நாளாகப் பிரியுங்கள். கலைப்பதை நிரலே செய்யட்டும். பக்கத்தில் நிற்பவருக்கும் அடுத்து என்ன வரும் என்று தெரியக் கூடாது, முகம் பதிலைச் சொல்லிக் கொடுத்துவிடும். வரைபடத் தாளில் கீழே நேரம், பக்கத்தில் 'நெட்டை' சதவீதம். கோடு 50 சதவீதத்தைக் கடக்கும் இடம்தான் அந்த ஆளின் நடுப்புள்ளி. 25 முதல் 75 வரை கோடு எவ்வளவு சரிவாக ஏறுகிறது என்பது அவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதைக் காட்டும்.

குழி என்னவென்றால், பிரகாசமான பொருள் மங்கலானதைவிட நீண்ட நேரம் இருந்ததாகத் தோன்றும். கைபேசியின் முழுச் சிவப்பும் முழு நீலமும் ஒரே பிரகாசம் அல்ல. சமப்படுத்தாமல் அளந்தால் நிறத்தை அளந்ததாக நினைத்துப் பிரகாசத்தை அளந்திருப்பீர்கள். நாங்கள் அப்படித்தான் ஒரு மாதத்தை வீணாக்கினோம்.

சமப்படுத்தும் வழி அழகானது. ஒரே கட்டத்தில் சிவப்பையும் நீலத்தையும் இரண்டிரண்டு ஃபிரேமாக மாற்றி மாற்றிக் காட்டுங்கள், அதாவது 60 ஹெர்ட்ஸ் திரையில் விநாடிக்கு 15 தடவை. அந்த வேகத்தில் நிறங்கள் கலந்து ஊதாவாகத் தெரியும், பிரகாச வித்தியாசம் மட்டும் படபடக்கும். படபடப்பு ஆகக் குறையும் வரை சிவப்பைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். குறையும் இடத்தில் அந்தக் கண்ணுக்கு இரண்டும் சமம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வலிப்பு எச்சரிக்கை இங்கும் பொருந்தும். இதைச் செய்த பிறகு எங்கள் பிள்ளைகளின் சிவப்புக் கோடும் நீலக் கோடும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. எட்டுப் பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சமப்படுத்தாத முடிவை யாராவது காட்டினால் இனி நான் எழுந்து போய்விடுவேன்.

இடையில் களைப்பாக இருந்தால், சுவர்க் கடிகாரத்துக்குச் சட்டென்று பார்வையைத் திருப்புங்கள். முதல் விநாடி மட்டும் முள் நின்றுவிட்டது போல் நீளும். கண் தாவும்போது விழுந்த இடைவெளியை மூளை பின்தேதியிட்டு நிரப்பிக்கொள்வதாக 2001ல் கீலன் யாரோ என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் விளக்கினார்கள். டிக்டிக்கென்று நகரும் முள் வேண்டும், வழுக்கிக்கொண்டு ஓடும் முள்ளில் வராது.

படி 8: அந்தி

மாலை ஆறு மணிக்கு மாடியில் ஒரு செம்பருத்தியையும் ஒரு சங்குப்பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பத்துச் சாம்பல் அட்டைகளும் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு பூவும் எந்தச் சாம்பலுக்குச் சமமான பிரகாசம் என்று குறியுங்கள். இருட்ட இருட்டச் செம்பருத்தி கறுத்துக்கொண்டே போகும், சங்குப்பூ எழும்பி வரும். விழித்திரையில் பகலில் வேலை செய்யும் கூம்புச் செல்களுக்கு 555 நானோமீட்டர் அலைநீளத்து ஒளி (மஞ்சள் கலந்த பச்சை) பக்கம் உச்சம்; இருட்டில் பொறுப்பேற்கும் கோல் செல்களுக்கு 507 (நீலம் கலந்த பச்சை) பக்கம். 1825ல் செக் நாட்டு உடலியல் ஆய்வாளர் புர்கின்யே எழுதிவைத்த மாற்றம் இது. கோல் செல்கள் முழுசாக விழிக்க அரை மணி நேரமாவது ஆகும். நடுவில் யாராவது கைபேசியை எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

படி 9: உங்களையே ஆண்டுக்கு ஒருமுறை அளங்கள்

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், வெளிச்சம், தூரம், எண்கள், அவற்றின் சிதறல். தவறாகப் போன சோதனைகளையும் அடித்துவிடாமல் வைத்திருங்கள்.

சென்ற ஆண்டு பிள்ளைகளுக்கு ஊசலைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஃபிலிமை இன்னும் கையில் எடுக்கவே இல்லை. எலுமிச்சை எனக்கு வட்டமடித்தது, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். பிள்ளைகளுக்கு நேராகத்தான் ஆடியது. பார்வை நரம்பில் அழற்சி வந்தவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் புரை முந்திக்கொண்டவர்களுக்கும் இப்படித் தெரிவதுண்டு. உங்களுக்குத் தெரிந்தால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரைப் பாருங்கள். எனக்கு வலது கண்ணில் புரை. அறுவை முடிந்து கட்டைப் பிரித்த அன்று வெள்ளைத் தாளை ஒவ்வொரு கண்ணாலும் பார்த்தேன். வலது கண்ணுக்கு நீலம் போட்டு வெளுத்த வேட்டி. இடது கண்ணுக்குப் பழைய பஞ்சாங்கம். அறுபது வருடமாக வெள்ளை என்று நான் சொல்லிவந்தது அந்தப் பஞ்சாங்கத்தைத்தான். ஷேடு கார்டில் இரண்டுக்கும் நடுவே நான்கு அட்டை தூரம் இருந்தது.

மருத்துவர் அனுமதித்ததும் ஊசல் முன் உட்கார்ந்தேன். எலுமிச்சை மெலிதாக, இப்போது கடிகாரத் திசையில் சுற்றியது. ஊதுவத்தியை நகர்த்திக்கொண்டிருந்த ஆரணிப் பெண் ஸ்கேலைப் பார்த்து 7 செ.மீ. என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"இடது கண்ணுக்கு எப்போ சார்?"